பருப்பு வேகும் மழை

வைகாசி பிறந்து இரண்டாவது சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, தெருநாய்கூட லாரியின் அடியை விட்டு வெளியே வராத வெயிலில், எங்கள் காலனி வாசகர் வட்டத்துப் பெண்கள் பன்னிரண்டு பேரில் நான்கு பேர் தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்து வந்து மன்றத்து ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள், ஏன் என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அன்றைக்குப் பேச எடுத்திருந்த அத்தியாயத்தில்தான் மழை பிடிக்கிறது, மழைக்குள் போய்ப் பன்னிரண்டு பக்கம் நடந்துவிட்டு வந்தவர்கள் நனையாமல் எப்படி வருவார்கள். "ஜமக்காளம் நாசமாப் போச்சு, அடுத்த வாரத்திலேருந்து நாற்காலி போடுங்க" என்று மட்டும் மரகதம் டீச்சர் சொன்னார், தன் முந்தானையை ஜன்னலுக்கு வெளியே பிழிந்துகொண்டே. நனைந்த நான்கு பேரால் ஒரு பிரச்சினையும் இல்லை. காய்ந்த சேலையோடு உட்கார்ந்திருந்த எட்டுப் பேரால்தான் எல்லாம் வந்தது. அந்த எட்டில் நான் ஒருத்தி.

நாவலின் பெயர் 'இந்துமுகி அல்லது ஏழுநாள் மழை'. தொண்ணூறு வருஷத்துக்கு முந்தினது, எழுதியவர் ஒரு தாசில்தார், மனிதர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து முடிப்பதற்குள் நம் வீட்டு அடுப்பில் பால் பொங்கிவிடும். ஆற்றங்கரை ஊரில் ஒரு மிராசுதார் வீடு, அந்த வீட்டு மருமகள் இந்துமுகி, பதினோரு அத்தியாயம் அழுகிறாள், பன்னிரண்டாவதில் மழை தொடங்கி நாளுக்கு ஓர் அத்தியாயமாக ஏழு அத்தியாயம் விடாமல் பெய்கிறது, ஐந்தாம் நாள் யாரோ ஆற்றின் கரையை வெட்டிவிடுகிறார்கள், வெட்டினது யார் என்று ஊரே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறது. முப்பத்திரண்டு வருஷம் தமிழ் நடத்தி ஓய்வு பெற்ற மரகதம் டீச்சரிடம்தான் பழைய பிரதி ஒன்று இருந்தது, அதை நகலெடுத்து, சுருள்கம்பி மாட்டி, ஆளுக்கொன்று கொடுத்திருந்தார். வாரம் ஓர் அத்தியாயம், சனிக்கிழமை விவாதம். வட்டத்தை ஆரம்பித்தது நான்தான். ஆங்கில நாவல்கள் படிக்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன், ஓட்டெடுப்பில் தமிழ் ஜெயித்துவிட்டது, செயலாளர் என்ற பெயரை வாங்கி வைத்துக்கொண்டு ஓடவும் முடியவில்லை.

எங்கள் ஊர் கரிசல் ஊர். நகராட்சிக் குழாயில் பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீர் வரும், வந்தால் கல்யாண வீடு மாதிரி காலனியே விழித்துக்கொள்ளும். மற்ற நாளெல்லாம் போர்த் தண்ணீர். அதில் சோப்பு நுரைக்காது, தலைமுடி தேங்காய் நார் ஆகும், துவரம்பருப்பு ஆறு விசிலுக்குப் பிறகும் போட்டது போட்டபடி கல்லாகக் கிடக்கும். அப்படிப்பட்ட ஊரில் மரகதம் டீச்சர் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், சேலையைப் பிழிந்தால் பிழியப் பிழிய வருகிறதே என்று ஒரு குடம் பிடித்து, வீணாக்குவானேன் என்று அதில் பருப்பைப் போட்டிருக்கிறார். இரண்டே விசில். வெண்ணெய் மாதிரி மசிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குள் காலனி முழுக்க விஷயம் தெரியும். காலனி நலச் சங்கச் செயலாளர் கதிரேசன் சார், சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர், எதைப் பார்த்தாலும் முதலில் அதற்கொரு தீர்மானம் எழுதிவிட்டுத்தான் அது என்ன என்று யோசிப்பவர், மன்றத்து வாசலில் ஒரு கறுப்புத் தொட்டியை இறக்கி வைத்து, வாசகர் வட்டத்தார் தம்மேல் பெய்த மழையை இதில் பிழிய வேண்டும், எல்லா வீட்டுக்கும் சமமாகப் பிரிக்கப்படும் என்று அறிவிப்பு ஒட்டிவிட்டார். சின்தெடிக் சேலை கட்டினால் அரைக் குடம்கூடத் தேறவில்லை என்று பெண்கள் பழைய சுங்குடிச் சேலைகளைப் பெட்டியிலிருந்து எடுத்தார்கள். ஆண்களும் இரண்டு பேர் ஆசைப்பட்டு நாவலை வாங்கிக்கொண்டு போய், முதல் பதினோரு அத்தியாயத்தைத் தாண்டிக் குதித்து நேராக மழைக்குப் போனார்கள், அவர்கள்மேல் தூறல்கூட விழவில்லை, அழுகையை வாசிக்காதவனுக்கு மழை கிடையாது போலிருக்கிறது. ஒருமுறை நனைந்தவர்மேல் அதே அத்தியாயம் மறுபடி பெய்யவும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை பன்னிரண்டு பேரும் நனைந்து வந்தோம்.

மரகதம் டீச்சர் வாசலில் நின்று ஒவ்வொருத்தியையும் செருப்பிலிருந்து உச்சந்தலை வரை பார்த்தார். "போன வாரம் நாலு பேரு. இந்த வாரம் பன்னண்டு. இலக்கிய ஆர்வம் பெருகிடுச்சு போல."

"நல்ல புஸ்தகம் டீச்சர், கீழ வைக்க முடியல" என்றாள் பேங்க் மேனேஜர் மனைவி சண்முகவடிவு. அவள்மேல் பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தது. என்மேலும்தான் அடித்திருக்கும், குளியலறையில் இரண்டு சொம்பு அள்ளி ஊற்றிக்கொண்டு வந்தவள் நான். அன்றைக்குத் தொட்டியில் பன்னிரண்டு பேரும் பிழிந்தோம், அன்றைக்கு ஒரு வீட்டிலும் பருப்பு வேகவில்லை.

அதிலிருந்து எங்கள் காலனியில் ஒருவரை ஒருவர் பார்க்கிற பார்வை மாறிப்போனது. மழைத் தண்ணீரில் எவளோ குழாய்த் தண்ணீரைக் கலக்கிறாள், எவள்? கொடியில் காயப் போட்ட சேலையை மொட்டைமாடிக்குப் போய்த் தொட்டுப் பார்த்தார்கள். மத்தியானம் எந்த வீட்டுக் குளியலறையில் சொம்புச் சத்தம் கேட்கிறது என்று காது வைத்தார்கள். "எங்க மதினி நிஜமாவே வாசிக்காளா, இல்ல புஸ்தகத்த வச்சுக்கிட்டுத் தூங்குதாளா?" என்று என் வீட்டுக்காரரிடமே ஒரு பெண் கேட்டிருக்கிறாள். "அவ இங்கிலீஷ்லயே தலைகாணி மாதிரி புஸ்தகம் வாசிக்கிறவ, இது என்ன பிரமாதம்" என்று அவர் சொல்லியிருக்கிறார், பாவம்.

இதற்குமேல் மறைத்தால் கதை நகராது. எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அப்பா ரயில்வே, நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் வடக்கே ஜங்ஷன் ஊர்களில், கான்வென்ட்டில் இரண்டாம் மொழி இந்தி, வீட்டில் பேச்சு மட்டும் தமிழ். எழுத்தைத் தனித்தனியாகக் காட்டினால் முக்கால்வாசி சொல்லிவிடுவேன், சேர்த்து வைத்தால் எறும்பு வரிசைதான். பஸ்ஸின் பலகையை நான் படிப்பதில்லை, ஆளின் முகம் மாதிரி அடையாளம் கண்டுகொள்கிறேன். இருபத்திரண்டு வயதில் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இருபத்தொன்பது வருஷம், பத்திரிகையை நீட்டினால் "குப்பை" என்பேன், அழைப்பிதழை நீட்டினால் "கண்ணாடி உள்ள இருக்கு, நீங்களே சொல்லுங்க" என்பேன், என் வாய்க்குப் பயந்து யாரும் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. எத்தனை பேரை என்னென்ன சொல்லியிருப்பேன், ஸ்பெல்லிங் தெரியாதவள், வாக்கியம் எழுதத் தெரியாதவள் என்று. அவர்களுக்கெல்லாம் இது தெரிந்தால் நான் இந்தக் காலனியில் நடமாட முடியுமா?

எனக்கு அத்தியாயங்களை வாசித்துச் சொன்னது செல்லக்கனி. நாற்பத்தேழு வயது, எங்கள் வீடு உட்பட காலனியில் நான்கு வீட்டில் பாத்திரம் துலக்குகிறாள், எட்டாவது வரை படித்துவிட்டுத் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவள். அங்கே ஒரு வழக்கமாம், ஒருத்தி உட்கார்ந்து கதை வாசிப்பாளாம், மற்ற பெண்கள் குச்சி அடுக்கிக்கொண்டே கேட்பார்களாம், வாசிக்கிறவள் பங்குக்குக் குச்சி அடுக்க வேண்டிய கட்டைகளையும் அவர்களே அடுக்கிக் கொடுத்துவிடுவார்களாம். பதினாறு வருஷம் வாசித்திருக்கிறாள். "கண்ணாடி பவர் மாறிடுச்சு" என்று நான் புத்தகத்தைக் கொடுத்தபோது என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சரிக்கா. அப்ப வெங்காயத்த நீங்க உரிங்க" என்றாள்.

தினமும் பத்து மணிக்கு என் அடுக்களையில் வாசிப்பு. நான் வெங்காயம் உரிப்பேன், கீரை ஆய்வேன், அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாசிப்பாள், தாசில்தாரின் முழ நீள வாக்கியங்களில் எங்கே மூச்சு விட வேண்டுமோ அங்கே சரியாக விடுவாள். மழை அவள் தலைமேல் நேராக விழும். எனக்கு, கேட்டவளுக்கு, சாரல் மட்டும், கொசுவம் நனையும் அவ்வளவுதான். "யக்கா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, அடுத்த பக்கத்துல இடி இருக்கு" என்பாள். முடித்து எழுந்தால் என் அடுக்களைத் தரையில் கணுக்கால் தண்ணீர் நிற்கும். அப்படியே சொட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். பாத்திரம் துலக்குகிறவள் எப்போதும் நனைந்துதான் இருப்பாள் என்பதால் ஒரு பெண்ணும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாவது சனிக்கிழமைக்குச் சோதனை என்று மரகதம் டீச்சர் அறிவித்தார். பெரிய இட்லிக் கொப்பரைக்குள் பன்னிரண்டு எவர்சில்வர் டம்ளர், ஒவ்வொன்றிலும் அவரவர் பிழிந்த தண்ணீர், ஒரு கைப்பிடி துவரம்பருப்பு, வாயில் பெயர் எழுதிக் கட்டிய சீட்டு. வெந்தால் வாசித்தவள், வேகாவிட்டால் பொய் சொன்னவள். வெள்ளிக்கிழமை செல்லக்கனியிடம், "உன் சேலையை என் வாளியில பிழிஞ்சுட்டுப் போ" என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. சனிக்கிழமை என் சேலையை அதில் முக்கிக் கட்டிக்கொண்டு போனேன். என் டம்ளரில் பருப்பு குழைந்து கூழாக நின்றது. ஐந்து பேருடையது வேகவில்லை. சண்முகவடிவு டம்ளரில் பருப்பைக் கரண்டியால் தட்டினால் டொக் டொக் என்றது. கதையைச் சுருக்கிச் சொல்லும் யாரோ ஒருவன் பேச்சைப் போனில் போட்டுக் கேட்டுவிட்டு வந்திருந்தாள்.

"ஏட்டி, உன் பருப்ப ரோடு போடக் குடுக்கலாம்" என்றேன் நான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காது.

அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு வேறு வேலை இல்லை, ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள், யார் எப்போது எவ்வளவு ஈரத்தோடு போகிறார்கள் என்று பார்க்க. நான்காவது வாரம் பார்த்தாள், ஐந்தாவது வாரம் பார்த்தாள். ஆறாவது வாரம் அவள் கண்ணில் பட்டது நாங்கள் யாரும் அல்ல, தினம் பன்னிரண்டரை மணிக்குக் காலனி கேட்டைத் தாண்டிச் சொட்டிக்கொண்டே நடந்து போகும் செல்லக்கனி.

ஏழாவது வாரம் வியாழக்கிழமை அவளைக் கேட்டில் நிறுத்தினார்கள். வாட்ச்மேன் மாசானம், கதிரேசன் சார், சண்முகவடிவு. நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, நாலு வீட்டுப் பாத்திரம் கழுவுனா இம்புட்டு ஈரமா?" என்றாள் சண்முகவடிவு.

"நல்லாக் கழுவுனா ஆகும்மா."

"முந்தானையப் பிழி பாப்போம்."

நடுரோட்டில், பள்ளிக்கூட ஆட்டோ போகிற நேரத்தில், செல்லக்கனி முந்தானை நுனியை மட்டும் இழுத்து வாளியில் பிழிந்தாள். வாளி நிறைந்தது. சண்முகவடிவு கையோடு குக்கர் வைத்தாள், கேட்டிலிருந்த எல்லோரும் அங்கேயே நின்று விசிலை எண்ணினார்கள். இரண்டு. பருப்பு மசிந்துவிட்டது. அவர்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது: காலனித் தொட்டியில் சேலையை முக்கி, தினம் ஒரு குடம் மழையை உடம்பில் சுற்றிக்கொண்டு வெளியே கடத்துகிறாள். அவள் தெருவில் விசாரித்தால் அதுவும் ஒத்துப்போனது, நான்கு வீட்டில் பருப்பு வேகிறதாம். பாத்திரக்காரி தொண்ணூறு வருஷத்து நாவலை வாசித்திருப்பாள் என்று நினைக்க அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் யார் வீட்டுப் புத்தகம் என்று கேட்டிருப்பார்கள்.

"இது எங்க உள்ள தண்ணி? சொல்லும்மா" என்றார் கதிரேசன் சார்.

செல்லக்கனி தலையைத் தூக்கி என் மாடியைப் பார்த்தாள். என் கையில் துணிக் கிளிப் இருந்தது, அதை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

"பாத்திரம் கழுவுன தண்ணி சார்" என்றாள்.

அவளைக் காலனி வேலையை விட்டு நிறுத்த சனிக்கிழமை தீர்மானம் என்று முடிவானது. அதுவரை வேலைக்கு வரலாம், போகும்போது கேட்டில் பிழிந்துவிட்டுப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை வந்தாள், ஒன்றும் நடக்காதது போல் புத்தகத்தை எடுத்து ஏழாம் நாள் அத்தியாயத்தைப் பிரித்தாள். கரை உடைந்து, ஊருக்குள் தண்ணீர் புகுந்து, கரையை வெட்டியவள் மிராசுதார் வீட்டு வேலைக்காரி காத்தாயிதான் என்று ஊரார் முடிவு கட்டுகிற இடம் வந்தது. அங்கே அவள் குரல் நின்றுவிட்டது. கண்ணால் மட்டும் வாசித்தாள், ஒரு பக்கம், மறு பக்கம். அவள் தலையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"வாய் விட்டு வாசி" என்றேன்.

"எழுத்து மங்கலா இருக்குக்கா. பாத்துட்டுச் சொல்லுதேன்." புத்தகத்தை மூடிவிட்டுச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: காத்தாயி கொத்துச் சாவியை மிராசுதார் மடியில் வீசிவிட்டு, தன் குடத்தை எடுத்துக்கொண்டு, மேட்டு வழியாக மகள் ஊருக்குப் போய்விட்டாளாம். மழை நின்றதாம். கதை முடிந்ததாம்.

"பரவாயில்ல, தாசில்தாருக்குக் கடைசியிலயாவது புத்தி வந்துச்சு" என்றேன்.

அவள் துடைப்பத்தை எடுத்துத் தண்ணீரைத் தள்ளினாள். "நாளைக்கு எம்பேர்ல எழுதப் போறாங்களாம்லா. நாலு வீடும் போயிரும்."

"நான் பேசறேன்."

"என்ன பேசுவீங்க? வாசிச்சது இவதான்னு சொன்னா, யாருக்கு வாசிச்சான்னு கேப்பாங்க." அவள் நிமிரவில்லை. "ஒங்கள நான் சொல்லச் சொல்லல. கேக்கத்தான் செஞ்சேன்."

நான் இன்னொரு வெங்காயத்தை எடுத்து உரித்தேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு மேஜைமேல் தீர்மான நோட்டு விரித்தபடி இருந்தது, கதிரேசன் சார் ஜெல் பேனாவால் நீலத்தில் பக்கம் முழுக்க எழுதியிருந்தார், அதை வாய்விட்டும் படித்துக் காட்டிவிட்டார். விவாதம் முடிந்ததும் கையெழுத்து, வட்டத்துச் செயலாளர் என்று முதலில் நான். செல்லக்கனியை விளக்கம் கேட்பதற்காக வெளியே வராந்தாவில் நிறுத்தியிருந்தார்கள். நான் அவளுடைய தண்ணீரில் முக்கிய சேலையோடு உட்கார்ந்திருந்தேன். ஏதாவது ஒரு வழி பிறக்கும் என்று நானே பேச்சைத் தொடங்கினேன்.

"என்னைக் கேட்டா காத்தாயி பண்ணினதுதான் சரி. வேலைக்காரின்னா எதையும் தலையில கட்டலாம்னு நெனச்சாங்க. அவ சாவியத் தூக்கி மிராசுதார் மடியில வீசிட்டு மக ஊருக்குப் போனா பாருங்க, அதைப் பார்த்து நாமளும் கொஞ்சம் யோசிக்கணும்."

ஐந்தாறு தலைகள் ஆமாம் என்று ஆடின. "அந்த இடத்துல எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு மதினி" என்றாள் சண்முகவடிவு.

மரகதம் டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "எந்த இடத்துல?"

சண்முகவடிவு தன் புத்தகத்தை அவசரமாகப் புரட்டினாள்.

"காத்தாயிக்கு மகளே கிடையாது. இருநூத்திப் பதினாலாம் பக்கம். வாசி ரூபா."

எனக்கு அப்போதுதான் உறைத்தது, சுவரைப் பார்த்துச் சொன்னது அவள் சொந்தக் கதை என்று. புத்தகம் என் மடியில் இருந்தது. தலைவலி என்று சொல்லியிருக்கலாம். கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம், மூக்கின்மேல் அது இருந்தாலும் என்னை எதிர்த்துக் கேட்க ஆள் கிடையாது. பேனாவை எடுத்துக் கையெழுத்தைப் போட்டுவிட்டால் பேச்சே மாறிவிடும், எல்லோரும் எழுந்து காபிக்குப் போய்விடுவார்கள். வராந்தாவிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சத்தம் கேட்டது. நான் இருநூற்றிப் பதினாலாம் பக்கத்தைப் பிரித்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி விரலை எழுத்துக்கடியில் வைத்தேன்.

"அப்... பொ... ழு... து... அவ்... அவ்வே... லை..."

யாரோ சிரித்தார்கள். நான் நிறுத்தவில்லை. என் உச்சந்தலையில் ஒரு துளி விழுந்தது. அடுத்த எழுத்துக்கு இன்னொன்று. இத்தனை வாரத்தில் முதல் தடவையாக என் சொந்த மழை, எழுத்துக்கு ஒரு துளியாக, கஞ்சத்தனமாக.

"நடிக்கா டீச்சர்" என்றாள் சண்முகவடிவு. "கான்வென்ட்ல படிச்சவளுக்கு எழுத்துக்கூட்ட வராதாமா? அந்தத் திருடியக் காப்பாத்த நாடகம் போடுதா."

"ஆமா, ரூபா மதினியாவது, தெரியாமலாவது" என்றாள் இன்னொருத்தி. இருபத்தொன்பது வருஷம் மூடி வைத்ததை நானே திறந்து காட்டினால், நம்ப ஆளில்லை! தெரியாது என்பதை ஒருத்தி எப்படி நிரூபிப்பாள்? நான் மறுபடி விரலை வைத்தேன். "லைக்... கா... ரி... யா..."

"'அவ்வேலைக்காரியானவள்', யக்கா" என்றது வராந்தா. "ஒரே வார்த்தை. சேத்து வாசிங்க."

அறையில் எல்லாத் தலையும் வாசல் பக்கம் திரும்பியது. செல்லக்கனி கையில் புத்தகம் இல்லை, அவள் கதவுநிலையில் சாய்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ்வேலைக்காரியானவள்" என்றேன். "க... த..." "'கதறிக்கொண்டிருக்க'" என்றாள். நான் திக்கிய இடத்திலெல்லாம் அவள் சொன்னாள், தாசில்தார் எழுதியது எழுதியபடி, டீச்சர் தன் பிரதியில் கூடவே பார்த்துக்கொண்டு வந்தார், அவர் முகத்திலிருந்து கோபம் போய் வேறு ஏதோ வந்தது. ஐந்து வரிக்குக் கால் மணி நேரம். நான் முழுக்க நனைந்துவிட்டேன். ஆறாவது வரியில் ஒரு சொல்லில் நின்றேன். வராந்தாவிலிருந்து குரல் வரவில்லை. காத்திருந்தேன், வரவில்லை. நானே கூட்டினேன்.

"ஊ... ரார்... அவ... ளை... உடைப்... பின்... வா... யில்... தள்... ளி... னார்... கள்."

தள்ளினார்கள். மழை நின்றது என்று அடுத்த வரியில் இருந்தது.

"இத ஏன்டி எனக்கு வாசிக்கல?" என்றேன் கதவைப் பார்த்து.

"என்னால முடியலக்கா" என்றாள் செல்லக்கனி. "எம்புட்டுப் பேரு வாசிச்சிருப்பாங்க இத. ஒருத்தருமா கையப் பிடிச்சு இழுக்கல? அதான் நான் ஒரு மகளக் குடுத்து அனுப்பி வச்சேன்."

மரகதம் டீச்சர் மெதுவாகக் கேட்டார், "ஏழு அத்தியாயமும் வாசிச்சது நீதானா?"

"முதல்லேருந்தே நான்தான் டீச்சர்."

கதிரேசன் சார் தொண்டையைச் செருமினார். "அது வேற, இது வேற. அவங்க வாசிச்சாங்கன்னே வச்சுக்குவோம். மழை பெஞ்சது காலனிக்குள்ள. காலனிக்குள்ள பெஞ்ச தண்ணி காலனிக்குச் சொந்தம். வெளிய போனது போனதுதானே? தீர்மானத்த மாத்த வேண்டியதில்ல. கையெழுத்துப் போடுங்கம்மா." நோட்டை என் பக்கம் தள்ளினார். பெண்கள் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மழைத் தண்ணீர் யாருக்குத்தான் கசக்கும்.

"வாசிக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போடுறதில்ல" என்றேன், இருபத்தொன்பது வருஷமாக வாசிக்காமலே எல்லாவற்றிலும் போட்டு வந்தவள். "செல்லக்கனி, உள்ள வா. வந்து நின்னு சொல்லிக் குடு."

அவள் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். நான் நோட்டில் விரலை வைத்தேன்.

"கா... ல... னிக்... குப்..."

"'பொதுவான'" என்றாள்.

"பொதுவான... ம... ழை... நீ... ரை... சே... லை... வ... ழி... யா... க..."

"'கடத்திய'" என்றாள் செல்லக்கனி, எந்தக் குரலில் இடியையும் மின்னலையும் எனக்கு வாசித்தாளோ அதே குரலில். "'கடத்திய', யக்கா. அடுத்தது 'வேலைக்காரி'."

"போதும் மதினி, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான" என்றாள் சண்முகவடிவு, தரையைப் பார்த்துக்கொண்டு.

"இன்னும் இருபது வரி இருக்குட்டி. உக்காந்து கேளு. வே... லைக்... கா... ரி..."

என் தலைமுடியிலிருந்து, மூக்கு நுனியிலிருந்து, வளையலிலிருந்து தண்ணீர் நோட்டில் விழுந்துகொண்டிருந்தது. என் பின்னாலிருந்து அவளுடையதும். ஜெல் மை மெதுவாக இளகியது. நான் ஓர் எழுத்தைப் பிடிப்பதற்குள் அதற்கு அடுத்தது கால் நீட்டியது, அதற்கடுத்த வரி பக்கத்து வரியோடு சேர்ந்து ஓடியது, கதிரேசன் சார் எட்டி நோட்டை இழுக்கப் பார்த்தார், நான் உள்ளங்கையை அதன்மேல் அழுத்தி வைத்திருந்தேன். "செல்..." என்று ஆரம்பித்தேன். அதோடு சரி. அதற்குக் கீழே பக்கம் முழுக்க ஒரே நீலம்.

"அடுத்து என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா" என்றாள் செல்லக்கனி.

கதிரேசன் சாரைப் பார்த்தேன். எழுதினவர் அவர், காற்புள்ளி உட்பட அவருக்கு மனப்பாடமாக இருந்திருக்கும், வாயைத் திறந்தார், பெண்களைப் பார்த்தார், மூடிக்கொண்டார். பதினோரு பெண்களும் அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் அதைக் காதால் கேட்டவர்கள். அவர்கள் ஒருத்தி வாயை ஒருத்தி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், யார் முதலில் சொல்லப் போகிறாள் என்று. நான் நோட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. "சொல்லுங்க" என்றேன், "யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க, வாசிச்சுடறேன்."